ஒரு பிடி மரவள்ளி மா

நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு குடும்பம் தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டுத் துரத்தப்பட்டது. அவர்களுடைய பெண் குழந்தை பட்டினியில் செத்தது. நேற்று மத்தியானம் இந்த நுவரெலியா விடுதியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ரசித்துத் தின்றீர்களே, அந்த மோமோ என்னுடையது அல்ல. அந்தக் குழந்தையின் தாயுடையது.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் விடவில்லையே!

படிக்கிற காலத்தில் டார்ஜிலிங்கில் சாப்பிட்டதாகச் சொன்னீர்கள். அந்த ருசி நாக்கை விட்டுப் போகவில்லை என்றீர்கள். கொழும்பில் பெரிய ஹோட்டல்களிலெல்லாம் தேடினீர்களாம், கண்டியில் தேடினீர்களாம். எங்கும் தோல் தடித்துப் போன மாவுருண்டைதான் கிடைத்ததாம். "கடைசியில் ஒரு மலைநாட்டுச் சமையல்காரரிடம் கிடைத்திருக்கிறது பாருங்கள்!" என்று எழுந்து வந்து, என் கையைப் பிடித்து உங்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். இந்தக் கையை! செய்முறை என்ன, யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டீர்கள்.

"கைப்பழக்கம் ஐயா" என்று சொல்லிச் சிரித்தேன். வருகிறவர்கள் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வேன், அப்படித்தான் சிரிப்பேன். நேற்று அந்தச் சிரிப்பு எனக்கே குமட்டியது. உங்கள் மேலும் ஆத்திரம் வந்தது. ஏன் அப்படிப் புகழ்ந்தீர்கள்? பசிக்குத் தின்று விட்டுப் போயிருக்கக் கூடாதா?

சரி, கேளுங்கள். நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடமும் கோயில் புத்தகங்களும்தான். என் தமிழ் கொஞ்சம் பிரசங்கம் போலத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். வேறெதையும் பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

என் பெயர் அந்தோனி. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரியதுரையின் பங்களாச் சமையல்காரனாக இருந்தேன். பங்களாச் சமையல்காரனை எங்கள் பக்கம் அப்பு என்பார்கள். அந்தோனி அப்பு என்றால் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் பெயர் இருந்தது. லயத்தில் பிறந்து, தேயிலைக் கொழுந்து பறித்த தாயின் முதுகில் வளர்ந்தவன், வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு துரையின் மேசைக்குப் பரிமாறினேன். தலை கனத்துப் போயிருந்தது எனக்கு.

தலையை விட நாக்குக்குக் கனம் அதிகம். எந்தக் கறியிலும் ஒரு துளி நாக்கில் பட்டால் போதும், என்ன கூடியிருக்கிறது, என்ன குறைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். வெண்ணெய் ஒரு நாள் பழசா, இறைச்சி முன்தொடையா பின்தொடையா... எல்லாம் தெரியும். இந்த நாக்கைப் பற்றி எனக்கு எவ்வளவு பெருமை! அறுத்து எறிந்திருக்க வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் துரையைப் பார்க்க டார்ஜிலிங்கிலிருந்து ஒரு தோட்டத்துரை வந்து தங்கினார். கூடவே தன் சமையல்காரனையும் கூட்டி வந்திருந்தார். அந்த மனிதன் என்னை என் குசினியிலிருந்தே வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டான். என் அடுப்பு, என் பாத்திரம், நான் வெளியே! உள்ளே ஆவி பறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கதவு திறந்தபோது தட்டு நிறைய வெள்ளைக் கொழுக்கட்டைகள், நீங்கள் சொல்லும் மோமோக்கள், மேசைக்குப் போயின. கழுவ வந்த தட்டில் ஒன்று மிஞ்சியிருந்தது. எடுத்து வாயில் போட்டேன்.

என்ன ஆனது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தோல் பல்லுக்கு இடம் கொடுத்ததும் சூடான சாறு வாய் முழுக்கப் பரவியது. இஞ்சி, வெங்காயம், இறைச்சிக் கொழுப்பு... நாக்கு வெந்துவிட்டது. துப்பவில்லை. கண்ணில் நீர் வழிய அப்படியே நின்றேன்.

மறுநாள் அவர்கள் போய்விட்டார்கள். எனக்குப் பைத்தியம் பிடித்தது.

செய்து பார்த்தேன். மெல்லிசாகத் தேய்த்தால் கிழிந்து சாறு ஓடியது. தடிப்பாகத் தேய்த்தால் உள்ளே மாவு வேகவில்லை. லீவு கிடைத்த நாளெல்லாம் தேடிப் போனேன். நுவரெலியாவில் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையில் தந்ததை மென்றால் செருப்புத் தோல் மாதிரி இருந்தது. கண்டியில் ஒருவன் எண்ணெயில் பொரித்துக் கொண்டுவந்து, இதுதான் அது என்று சத்தியம் செய்தான். ஹட்டனில் ஒரு பேக்கரிக்காரன், தான் கல்கத்தாவில் வேலை பார்த்தவன் என்று பீற்றிக்கொண்டு, இறைச்சி வைத்துப் பொரிக்கிற பெட்டிஸை ஆவியில் வைத்துக் கொடுத்தான்! அதை அவன் கடை வாசலிலேயே துப்பிவிட்டு வந்தேன்.

அது எந்தக் காலம் தெரியுமா உங்களுக்கு? பஞ்ச காலம்.

ஒரு பை அரிசியைத் தூக்கிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போனால் பொலிஸ் பிடிக்கும் காலம். ரேஷன் கூப்பனுக்குக் கிடைக்கிற மா வாரத்தின் பாதியிலேயே தீர்ந்துவிடும். லயத்து அடுப்புகளில் ரொட்டி சுடும் வாசனை நின்று போயிருந்தது. கீழ்நாட்டிலிருந்து வரும் மரவள்ளிக் கிழங்குக்கு அடிதடி நடந்தது. கடை வாசல்களில் ஜனங்கள் விடிவதற்கு முன்பே வரிசையில் நின்றார்கள். அந்த வரிசைகளை பஸ் யன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேதான் நான் கண்டிக்கும் ஹட்டனுக்கும் போனேன்... கொழுக்கட்டை தேடி! பார்த்தேனே தவிர ஒன்றும் உறைக்கவில்லை. என் வயிறு பங்களா வயிறு. அங்கே ரொட்டி மா மூட்டையாக இருந்தது.

ஒரு நாள் காலையில் குசினியின் பின்பக்கம், படிக்குப் பக்கத்தில் பலகை போட்டு மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கிழிந்துகொண்டே வந்தது. வாய்க்கு வந்தபடி மாவைத் திட்டினேன். யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

பங்களாத் தோட்டத்தில் கோவா, அதாவது முட்டைக்கோஸ், பறித்தபின் நாங்கள் வீசிவிடும் மேலிலைகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள் ஒருத்தி. முதுகில் துணியால் கட்டிய பிள்ளை. கீழ் டிவிசனில் இருந்த முத்தையாவின் மனைவி. முத்தையா தேயிலை பெக்டரியில் வேலை செய்தவன். இவளை எல்லோரும் சீனாக்காரி என்பார்கள். சின்னக் கண், அகன்ற கன்னம், பழுத்த நிறம். டார்ஜிலிங்கிலிருந்து வந்த ஒரு துரைசாணி, பிள்ளை பார்க்க ஆயாவாகக் கூட்டி வந்தவள். அந்தக் குடும்பம் சீமைக்குப் போனபோது இவள் போகவில்லை. முத்தையாவைக் கட்டிக்கொண்டு லயத்தில் நின்றுவிட்டாள். பெயர் பேமா.

"அப்புடி இல்லங்க அண்ணே" என்றாள். "நடுவுல கனமா இருக்கணும். ஓரத்துல மட்டும் மெல்லிசா தேய்க்கணும். ஒரே மாதிரி தேச்சா கிழியத்தான் செய்யும்."

"ஒனக்கு எப்புடித் தெரியும் சீனாக்காரி?"

முகம் மாறிவிட்டது அவளுக்கு. "நான் சீனா இல்லங்க. சீனாக்காரன் துரத்தித்தான் எங்க ஆளுங்க பனிமலையத் தாண்டி ஓடியாந்தாங்க. நாங்க திபெத்து. இது எங்க வீட்டுச் சாப்பாடு."

நான் தேடி அலைந்தது என் குசினிக்குப் பின்னால் கோவா இலை பொறுக்கிக்கொண்டிருந்தது! அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து இரண்டு மூன்றைத் தேய்த்து, நிரப்பி, கட்டைவிரலால் ஓரத்தை மடித்து மடித்துச் சுற்றி மூடினாள். இடியப்பத் தட்டில் ஒரு கோவா இலையை விரித்து அதன் மேல் வைத்து அவித்தேன். சாப்பிட்டேன். அதேதான்! இல்லை... அதைவிட மேல். அந்த டார்ஜிலிங் சமையல்காரன் இவளிடம் பாத்திரம் கழுவலாம்.

அவள் பக்கத்தில் நின்றிருந்தாள். நான் ஒன்றைத் தின்றேன். அவளுக்கு ஒன்று கொடுக்கத் தோன்றவில்லை எனக்கு. அந்தக் கோவா இலைகளை ஆட்டுக்குப் பொறுக்குகிறாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவளிடம் ஆடு இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்றே ஏற்பாடு செய்துகொண்டேன். சனிக்கிழமை பின்வாசலில் வைத்து மாவும் கொத்திய இறைச்சியும் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை அவள் தன் லயத்து அறையான காம்பிராவிலேயே செய்து, ஈரத்துணியில் மூடிக் கொண்டுவந்து தருவாள். நான் அவித்துப் பரிமாறுவேன். ஏன் குசினியிலேயே செய்யச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். லயத்துக்காரர் பங்களாக் குசினிக்குள் கால் வைக்கக் கூடாது. சட்டம் துரையுடையது. காவல் காத்தவன் நான், லயத்தில் பிறந்த நான்! இன்னொரு காரணமும் உண்டு. அவள் உள்ளே வந்தால், யார் செய்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

துரையிடம் என் கைவேலை என்றே சொன்னேன்.

அவளுக்கு என்ன கொடுத்தேன்? கோவா இலைகளைத் தாராளமாகப் பொறுக்கிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தேன்! மண்ணில் கிடந்து அழுகப் போகிற இலைக்கு அனுமதி! அதற்கும் அவள் "சரிங்க அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பங்களாவில் மோமோ பேச்சாகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குச் சாக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு போகும்போது நான்தான் மாப்பிள்ளை போல நடப்பேன்.

இப்படியிருக்க ஒரு ஞாயிறு. கொழும்பிலிருந்து கம்பெனியின் பெரிய ஆட்கள் வந்திருந்தார்கள். அன்று போன தட்டுகள் எல்லாம் வழித்துத் துடைத்தது போலத் திரும்பி வந்தன. துரை என்னைச் சாப்பாட்டு அறைக்கே கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும், "அந்தோனி, இன்னிக்கு நீ செஞ்சது மத்த நாளெல்லாம் விட நல்லா இருக்கு" என்றார். வந்தவர்கள் கை தட்டினார்கள்.

குசினிக்கு வந்து எனக்கென்று எடுத்து வைத்திருந்ததைச் சாப்பிட்டேன். துரை சொன்னது உண்மை. தோல் கண்ணாடி மாதிரி பளபளத்தது. இழுத்தால் இழுபட்டது, கிழியவில்லை. அற்புதம் என்று மனம் சொல்லி முடிக்குமுன், இந்த நாசமாய்ப் போன நாக்கு எதையோ பிடித்துக்கொண்டது. அடியில் ஒரு மெல்லிய இனிப்பு. கிழங்கு வாசனை.

மரவள்ளி மா!

என் மாவில் கை வைத்திருக்கிறாள். கொடுத்ததில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு, கிழங்கு மாவைக் கலந்து ஏய்த்திருக்கிறாள். யாரை? அந்தோனி அப்புவை! துரைக்குத் தெரியவில்லை. துரைசாணிக்குத் தெரியவில்லை. கொழும்புப் பெரிய மனிதர்களுக்குத் தெரியவில்லை. உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரிந்தது. அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதுமாயிருந்தது. ருசி கூடித்தான் இருந்தது என்று தெரிந்தும், அதை நான் குற்றம் என்றேன். ஏன்? என்னைக் கேட்காமல் ருசியாக இருந்துவிட்டதே, அதனாலா?



மறுநாள் காலை பெரட்டுக் களத்துக்கே போனேன். தோட்டத்து ஆட்கள் எல்லோரும் வேலைக்குப் போகுமுன் வந்து நிற்கிற இடம் அது. கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு, இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்புவார். பங்களா அப்பு அங்கே வருவது வழக்கமில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. முத்தையாவுக்குச் சாயத்தண்ணி, பாலில்லாத தேநீர், கொண்டுவந்த பேமா ஓரமாக நின்றிருந்தாள், இடுப்பில் பிள்ளையோடு.

"கணக்கப்பிள்ள ஐயா! முத்தையா பொஞ்சாதி பங்களா மாவ எடுத்துத் திங்கிறா. என்னான்னு கேளுங்க!" என்று கத்தினேன்.

அவள் பயப்படவில்லை. "ஒரு பிடிதாங்க எடுத்தேன். புள்ளைக்குக் கஞ்சி வைக்க. வீட்டுல ஒண்ணுமில்லங்க. அதுக்கு ஈடாத்தான் மரவள்ளி மா போட்டேன். தொரை வீட்டுக் கொழுக்கட்டைய நான்தானே செஞ்சு குடுக்கிறேன்? எங்கூர்ல அம்மாவும் மாவு இல்லாட்டி வேற மாவு கலப்பாங்க. ருசி கெடாதுங்க அண்ணே."

 பிறகு எங்கோ பின்வரிசையில் ஒருவன் உரக்கச் சொன்னான். "அடடே! அப்போ நம்ம அப்புவுக்கு அடுப்பு ஊதத்தான் தெரியும் போல!"

சிரித்தார்கள். பசியில் காய்ந்து கிடந்த அத்தனை முகங்களும் சிரித்தன. கணக்கப்பிள்ளை கூடச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்குத்தான் நான் ஒரு குழந்தையை விலையாக வாங்கினேன்.

சங்கதி பங்களாவுக்குப் போனது. துரை வராந்தாவில் நின்றுகொண்டு எங்களைக் கூப்பிட்டார். நான் அவருக்குப் பக்கத்தில் மேலே. அவர்கள் மூவரும் படிக்குக் கீழே. முத்தையா தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்திருந்தான். பிள்ளை வராந்தாப் பூச்சட்டியைக் காட்டி ஏதோ மழலை பேசியது.

"அந்தோனி, அந்தப் பொம்பிளை சொல்றது நெசமா? நீ அதுக்கு மா குடுத்தது?"

ஒரு வார்த்தை. 'ஆமாங்க' என்ற ஒரே வார்த்தை! சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? துரை முறைத்திருப்பார். எனக்கு நாலு திட்டு விழுந்திருக்கும். என் வெள்ளைக் கோட்டு கொஞ்சம் அழுக்காகியிருக்கும். அவ்வளவுதானே?

"இல்லிங்க தொரை" என்றேன். "நான் ஒருநாளும் குடுத்ததில்ல. கொழுக்கட்டை என் கைவேல. இவ பின்பக்கம் கோவா பொறுக்க வர்ற சாக்குல மாவத் திருடிட்டு, மாட்டுனதும் கத சொல்றா."

ஒரு பிடி மா மூட்டை மாவாகிவிட்டது. கொடுத்தது திருடியதாகிவிட்டது. முத்தையா, "அண்ணே!" என்று அலறினான். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுதிருந்தாலாவது... திட்டியிருந்தாலாவது!

துரை விசாரணையை வளர்க்கவில்லை. அவளுக்குத் தோட்டத்தில் பேர் இல்லை. பதிந்த தொழிலாளி இல்லை. இந்த நாட்டிலும் பதிவில்லை, எந்த நாட்டிலும் இல்லை. பேர் இல்லாத ஆள் லயத்தில் இருக்கக் கூடாது, பொழுது சாய்வதற்குள் போக வேண்டும் என்றார். முத்தையா வேண்டுமானால் இருக்கலாமாம்! அவன் கையெடுத்துக் கும்பிட்டான், பிறகு கோபத்தில் ஏதோ சொன்னான். அவன் பேரையும் வெட்டிவிட்டார்கள்.

மத்தியானம் குசினி யன்னலில் பார்த்தேன். தலையில் ஒரு தகரப் பெட்டி, கையில் பாய், இடுப்பில் பிள்ளை. அக்கரப்பத்தனையில் முத்தையாவின் சொந்தக்காரர் காம்பிரா ஒன்று இருந்தது, அங்கே போகிறார்கள் என்றார்கள். நான் துரைக்கு மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். கருகவிடவில்லை. நன்றாகத்தான் பொரித்தேன்.

அதன்பின் துரை மோமோ கேட்டபோதெல்லாம் மா சரியில்லை, இறைச்சி சரியில்லை என்று சாக்குச் சொன்னேன். யாருமில்லாத நேரத்தில் செய்து பார்ப்பேன். நடுவில் கனம், ஓரத்தில் மெல்லிசு. மடிப்பு வந்தது, ருசி வரவில்லை. ஒரு நாள் வெட்கத்தை விட்டு ஒரு பிடி மரவள்ளி மாவைக் கலந்தேன். வந்துவிட்டது! அவளை விரட்டிய அதே பிடி மாதான் எனக்குக் கைவேலையைக் கொடுத்தது.

நீங்கள் என்ன மதமோ தெரியாது. எங்கள் வேதத்தில் பாவசங்கீர்த்தனம் உண்டு. குருவானவரிடம் போய் முழங்காலில் நின்று பாவத்தைச் சொல்ல வேண்டும். தவறாமல் போனேன். என்ன சொன்னேன் தெரியுமா? "போசனப்பிரியம், சாமி." தலையான பாவங்களில் ஒன்று அது. சாப்பாட்டு ஆசை. சாமி சிரித்துக்கொண்டே, "சமையல்காரனுக்கு அது வராமலா இருக்கும்?" என்று இரண்டு ஜெபம் சொல்லச் சொல்வார். சொல்லிவிட்டு எழுந்து வருவேன். மாதா மாதம் அந்த அழகான வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். போசனப்பிரியம்! கொலையை அப்படியும் அழைக்கலாம் போலிருக்கிறது.

பிறகு ஒரு நாள் ஹட்டன் சந்தையில் கேள்விப்பட்டேன். முத்தையா குடும்பம் இந்தியாவுக்குப் போகிறது, கோச்சி ரயில் இன்ன நாள் என்று. அப்போது இரு நாட்டு ஒப்பந்தப்படி தோட்டம் தோட்டமாக ஆட்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். அன்று காலை எழுந்து மா பிசைந்தேன். மரவள்ளி மாவும் போட்டேன். பெரியவர்களுக்குப் பெரிதாக, பிள்ளைக்கென்று விரல் நுனி அளவில் சின்னச் சின்னதாக. வாழை இலையில் கட்டிக்கொண்டு ஹட்டன் ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

அங்கே ஒரே அழுகை. போகிறவர்களின் கழுத்தை நிற்கிறவர்கள் கட்டிக்கொண்டு, பிரித்தெடுக்க முடியாமல்... அந்தக் கூட்டத்தில் முத்தையாவைக் கண்டுபிடித்தேன். பெட்டிக்குள் யன்னலோரம் அவள். இடுப்பிலும் மடியிலும் பிள்ளை இல்லை.

"புள்ள எங்க?" என்று கேட்டேன். எவ்வளவு சாதாரணமாகக் கேட்டேன்!

முத்தையாதான் சொன்னான். "அக்கரப்பத்தனைல அடக்கம் பண்ணிட்டோம். பேரு இல்லாம வேலயும் இல்ல, கூப்பனும் இல்ல. கெழங்கும் எலயுமாத் தின்னு வயித்தால போச்சு. தாங்கல."

என் கையில் பொட்டலம் சூடாக இருந்தது. வேறென்ன செய்வதென்று தெரியாமல் யன்னலுக்குள் நீட்டினேன். அவள் வாங்கினாள். பிரித்தாள். மேலே இருந்த சின்னது ஒன்றை எடுத்து விரலால் அமுக்கினாள், பிட்டாள், முகர்ந்தாள்.

"மரவள்ளி மா போட்டிருக்கீங்க."

"ஆமா."

"நல்லா வந்திருக்குங்க." அதைத் திரும்ப இலையில் வைத்தாள். குரலை உயர்த்தாமல் கேட்டாள். "புள்ளைக்குக் கஞ்சி வைக்கத்தான் எடுத்தேன்னு சொன்னேனே அண்ணே. அன்னைக்கே நம்புனீங்களா? இல்ல, இவ திருடின்னுதான் நெனைச்சீங்களா?"

கோச்சி கூவியது. நான் வாயைத் திறந்தேன். எதை வேண்டுமானாலும் ருசி பார்த்துச் சொல்லிவிடும் இந்த நாக்கு, அப்போது கல்லாகக் கிடந்தது. அவள் பொட்டலத்தை மூடி என் கையில் திருப்பி வைத்தாள். பெட்டி நகர்ந்தது. மேடையில் விழுந்து அழுகிறவர்களின் நடுவில், இலைப் பொட்டலத்தோடு நான் நின்றேன்.

சில மாதங்களில் தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது, துரை போனார். நான் இந்த விடுதிக்கு வந்து சேர்ந்தேன். இங்கே மோமோ அந்தோனி என்று பெயர். எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் இந்த ஊர் எரிந்தபோது, வந்துவிட்டது தண்டனை என்று நினைத்துக் குசினியிலேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்துத் தமிழ்க் கடைகள் எரிந்தன. ஒரு தப்பும் செய்யாதவர்கள் கையிலிருந்ததை எல்லாம் இழந்து ஓடினார்கள். என் அடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை! அந்த நீதியின் மேல் இன்றும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

இதையெல்லாம் உங்களிடம் ஏன் கொட்டுகிறேன்? நீங்கள் என்ன சாமியா, மன்னித்து அனுப்ப? வேண்டாம், மன்னிக்காதீர்கள். 'அந்தக் காலம் அப்படி' என்று ஆறுதலும் சொல்லாதீர்கள். காலம் வந்து வராந்தாவில் பொய் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

நீங்கள் செய்முறை கேட்டீர்கள். சொல்லிவிட்டேன்.

ஒன்றே ஒன்று. நீங்கள் ஊர் ஊராகத் தேடிப் போகிறவர். அடுத்த மாதம் இந்தியாவுக்குப் போவதாகவும் சொன்னீர்கள். அங்கே எந்த ஊரிலாவது, எந்தத் தெருவிலாவது, நேற்று என்னிடம் தின்றதைவிட நல்ல மோமோ உங்களுக்குக் கிடைத்தால், செய்தது யார் என்று உள்ளே எட்டிப் பாருங்கள். சின்னக் கண், அகன்ற கன்னம், தமிழை லயத்து ஆட்கள் மாதிரிப் பேசுவாள். ஹட்டன் ஸ்டேஷனில் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுங்கள். அந்தோனி அன்றைக்கே நம்பினான். பெரட்டுக் களத்தில் அவள் சொல்லி வாய் மூடுமுன்பே நம்பினான். நம்பிக்கொண்டுதான் அந்தப் பொய்யைச் சொன்னான்.

நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லாதீர்கள்.

பிறகு, நீங்கள் சாப்பிட உட்காருமுன், அவளை ஒன்று சாப்பிடச் சொல்லுங்கள். எத்தனை ஞாயிறு அவள் செய்து கொண்டுவந்து கொடுத்தாள்... அவள் ஒன்று சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. சாப்பிட்டாயா என்று ஒரு நாளும் கேட்டதுமில்லை.